ஈரோட்டு ஓட்டு, திருச்செங்கோட்டுப் பெயர்

கருங்கல்பாளையத்தில் வீட்டைக் காலி செய்தபோது தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் 1998-ஆம் ஆண்டின் பூத் சிலிப் ஒன்று கிடைத்ததாக ஒரு தம்பி எழுதியிருக்கிறார். சட்டமன்றத் தொகுதி என்ற இடத்தில் ஈரோடு, பாராளுமன்றத் தொகுதி என்ற இடத்தில் திருச்செங்கோடு என்று அச்சாகியிருக்கிறதாம். தாத்தா ஈரோட்டை விட்டு எங்கும் குடிபோனவர் இல்லை. இது அச்சுப் பிழையா, இல்லை உண்மையிலேயே அப்படி ஒரு தொகுதி இருந்ததா, இருந்தால் அது எங்கே போயிற்று, அதன் கதை என்ன என்று கேட்டிருக்கிறார்.

பிழையில்லை, தம்பி. சிலிப்பில் இருப்பது சரிதான். 1977 முதல் 2004 வரை நடந்த ஒன்பது மக்களவைத் தேர்தல்களிலும் ஈரோடு நகரம் திருச்செங்கோடு என்ற பெயரில்தான் வாக்களித்தது. நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளி ஆசிரியராக இருந்தவன். தேர்தல் வந்தால் வாக்குச்சாவடிப் பணி தப்பாது. தொண்ணூறுகளில் ஈரோட்டு வகுப்பறையில் நின்று "நம் எம்.பி. யார்?" என்று கேட்டால், பாதிப் பிள்ளைகள் கோபி என்கிற கோபிசெட்டிபாளையம் தொகுதி எம்.பி.யின் பெயரைச் சொல்வார்கள். மாவட்டம் ஒன்றுதானே, அவர்தான் நமக்கும் எம்.பி. என்ற நினைப்பு. ஆற்றுக்கு அக்கரையில் மலைமேல் கோயில் இருக்கிற ஊரின் பெயரில் நமக்கு ஓர் எம்.பி. இருக்கிறார் என்று சொன்னால், இப்போது நீங்கள் பார்ப்பது போலவே அவர்களும் பார்ப்பார்கள்.

ஈரோடு என்ற பெயரில் மக்களவைத் தொகுதியே இருந்ததில்லை என்று நினைத்துவிட வேண்டாம். 1952-இல், முதல் பொதுத்தேர்தலில், ஈரோடு இரண்டு எம்.பி.க்களை அனுப்பும் இரட்டை உறுப்பினர் தொகுதியாக இருந்தது. திருப்பூருக்கும் அப்போது தனிப் பெயர் இருந்தது; டி.எஸ். அவினாசிலிங்கம் செட்டியார் அங்கிருந்துதான் மக்களவைக்குப் போனார். 1957-இல் இரண்டு பெயர்களும் மறைந்தன. மீண்டும் வந்தது 2009-இல். நடுவே அரை நூற்றாண்டுக் காலம் கொங்கு நாட்டின் இரண்டு பெரிய தொழில் நகரங்களுக்கும் மக்களவையில் சொந்தப் பெயர் கிடையாது. திருப்பூர் கோயம்புத்தூரோடு போயிற்று. ஈரோடு 1977 முதல் திருச்செங்கோட்டோடு போயிற்று.

தொகுதியின் கடைசி வடிவத்தைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். ஆறு சட்டமன்றத் தொகுதிகள்: திருச்செங்கோடு, கபிலர்மலை, தனித்தொகுதியான சங்ககிரி, எடப்பாடி, ஈரோடு, மொடக்குறிச்சி. குறுக்கே காவிரி. 1997-இல் நாமக்கல் மாவட்டம் பிறந்த பிறகு, சங்ககிரியும் எடப்பாடியும் சேலம் ஆட்சியரிடம், திருச்செங்கோடும் கபிலர்மலையும் நாமக்கல் ஆட்சியரிடம், ஈரோடும் மொடக்குறிச்சியும் ஈரோடு ஆட்சியரிடம். ஒரே எம்.பி., மூன்று ஆட்சியர் அலுவலகங்கள். அம்மையும் அப்பனும் ஒரே உடம்பில் பாதிப் பாதியாக நிற்கும் அர்த்தநாரீசுவரர் மலைமேல் இருக்கிற ஊரின் பெயரில், ஆற்றின் இரு கரையையும் சேர்த்துக் கட்டிய தொகுதி. இந்த உவமையை விட்டுவைத்த மேடைப் பேச்சாளர் எவரையும் நான் கண்டதில்லை, அதனால் இதோடு விட்டுவிடுகிறேன்.

பிழைப்பும் அப்படித்தான் பிரிந்து கிடந்தது. இக்கரையில் மஞ்சள் மண்டி, ஜவுளிச் சந்தை, சாயப்பட்டறை. காலிங்கராயன் வாய்க்காலை ஒட்டிய வயல்கள். பாலத்தைத் தாண்டினால் பள்ளிபாளையத்தின் விசைத்தறிச் சத்தம். திருச்செங்கோட்டில் ஊர் ஊராய்ப் போய்க் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள். சங்ககிரியில் லாரிகள். கபிலர்மலைப் பக்கம் கரும்பும் வெற்றிலைக் கொடிக்காலும். எடப்பாடியில் தறியும் காடும் கலந்த வாழ்க்கை. சாதிக் கணக்கும் ஊருக்கு ஊர் மாறும்: கொங்கு வேளாளர், செங்குந்தர், வேட்டுவர், அருந்ததியர், எடப்பாடிப் பக்கம் போனால் வன்னியர். எடப்பாடியில் 1996, 2001, 2006 என்று மூன்று சட்டமன்றத் தேர்தல்களில் பா.ம.க. தொடர்ந்து வென்றது. அதே பாராளுமன்றத் தொகுதிக்குள் இருந்த மொடக்குறிச்சியில் அந்தக் கட்சியின் பேச்சே இருக்காது.

இனி வரலாறு. 1952-இல் திருச்செங்கோட்டில் வென்றவர் ஒரு சுயேச்சை: கந்தசாமி என்கிற எஸ்.கே. பேபி. சென்னை மாகாணம் முழுவதும் காங்கிரஸ் தடுமாறிய தேர்தல் அது. சட்டமன்றத்தில் 375 இடங்களில் 152 மட்டுமே பெற்று, ராஜாஜியை அழைத்து வந்து முதல்வராக்கித்தான் ஆட்சி அமைத்தார்கள். அந்த ராஜாஜி 1925-இல் காந்தி ஆசிரமம் தொடங்கியது திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துப் புதுப்பாளையத்தில். அவர் 1937-இல் மதுவிலக்கை முதலில் கொண்டுவந்ததும் திருச்செங்கோடு அன்று இருந்த சேலம் மாவட்டத்தில்தான். அப்படிப்பட்ட மண் முதல் தேர்தலில் காங்கிரஸுக்குக் கைகொடுக்கவில்லை.

1957-இலும் 1962-இலும் வென்றவர் டாக்டர் பி. சுப்பராயன். இவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். திருச்செங்கோட்டுக்கு அருகில் உள்ள குமாரமங்கலத்து ஜமீன்தார். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சர், அதாவது அன்றைய முதலமைச்சர். பிறகு காங்கிரஸுக்கு வந்து ராஜாஜி அமைச்சரவையிலும் ஓமந்தூரார் அமைச்சரவையிலும் இருந்தவர். இந்தோனேசியாவில் தூதர். 1955-இல் அமைந்த ஆட்சிமொழி ஆணையத்தில் உறுப்பினராக இருந்து, இந்தியை அவசரமாகத் திணிப்பதை ஏற்காமல் மாற்றுக்குறிப்பு எழுதியவர். வங்கத்து மொழியறிஞர் சுநீதி குமார் சட்டர்ஜியும் அவருமாக இருவர்தான் அந்த நிலையை எடுத்தார்கள். 1959-இல் நேரு அமைச்சரவையில் போக்குவரத்து, தகவல் தொடர்பு அமைச்சர். திருச்செங்கோடு இவரைத் தேர்ந்தெடுத்தது என்பதைவிட, இவர் தன் வீட்டு வாசலிலேயே நின்று வென்றார் என்பது பொருத்தம்.

அதே 1957-இல், கோயம்புத்தூர் தொகுதியில் வென்றவர் பார்வதி கிருஷ்ணன். இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி. சுப்பராயனின் மகள். தந்தை ஆளுங்கட்சி வரிசையில், மகள் எதிர்க்கட்சி வரிசையில், ஒரே அவையில். ஜமீன் வீட்டுப் பெண் ஆலைத் தொழிலாளர் நகரத்தில் செங்கொடியோடு வென்றாள், ஜமீன்தார் காங்கிரஸ் வேட்பாளராகச் சொந்த ஊரில் வென்றார். இதைவிட ஒரு கதை கொங்குத் தேர்தல் வரலாற்றில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. பார்வதியின் அண்ணன்மார்களில் ஒருவர் பின்னாளில் இந்தியத் தரைப்படைத் தளபதியான ஜெனரல் குமாரமங்கலம். இன்னொருவர் மோகன் குமாரமங்கலம். இந்திரா காந்தி அமைச்சரவையில் இருந்தபோது 1973 மே 31 அன்று டெல்லியில் நடந்த விமான விபத்தில் இறந்தார். அதே விமானத்தில் இறந்த இன்னொருவர் அப்போதைய கோயம்புத்தூர் எம்.பி. கே. பாலதண்டாயுதம். அவரால் காலியான இடத்துக்கு நடந்த இடைத்தேர்தலில் நின்று வென்றவர் பார்வதி கிருஷ்ணன். சொந்த அண்ணனைக் கொண்டுபோன விபத்துதான் அவருக்கு அந்த இடைத்தேர்தலையும் கொண்டுவந்தது.

திருச்செங்கோட்டுக்குத் திரும்புவோம். 1962-இல் இரண்டாம் முறை வென்ற கையோடு சுப்பராயன் மகாராஷ்டிர ஆளுநராகப் போனார். அந்த ஆண்டு அக்டோபரிலேயே இறந்துவிட்டார். காலியான இடத்துக்கு 1963-இல் நடந்த இடைத்தேர்தலில் தி.மு.க.வின் எஸ். கந்தப்பன் வென்றார். முந்தைய ஆண்டுதான் ஏழு எம்.பி.க்களோடு மக்களவைக்குப் போயிருந்த கட்சி அது. மத்திய அமைச்சராக இருந்த காங்கிரஸ் ஜமீன்தாரின் சொந்தத் தொகுதியைப் பிடிக்கிறது என்றால், 1967-இல் வரப்போவதன் வாசனை அங்கேயே அடித்துவிட்டது என்று அர்த்தம். 1967-இல் கந்தப்பன் மேட்டூர் தொகுதிக்கு மாறி அங்கே வென்றார். திருச்செங்கோட்டில் நின்றவர் பேராசிரியர் க. அன்பழகன். திருவாரூர்ப் பக்கத்துக்காரர், சென்னையில் வாழ்ந்தவர். அவரையும் வெற்றி பெறச் செய்து அனுப்பினார்கள்.

இந்த இடத்திலிருந்து தொகுதியின் குணம் வெளிப்படத் தொடங்குகிறது. அடுத்து வந்தவர்களை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். 1971-இல் எம். முத்துசாமி, தி.மு.க. 1977-இல் ஆர். கொழந்தைவேலு, அ.தி.மு.க. 1980-இல் எம். கந்தசாமி, தி.மு.க. 1984-இல் பி. கண்ணன், 1989-இல் கே.சி. பழனிசாமி, 1991-இல் கே.எஸ். சௌந்தரம், மூவரும் அ.தி.மு.க. 1996-இல் கே.பி. ராமலிங்கம், தி.மு.க. 1998-இல் எடப்பாடி கே. பழனிசாமி, அ.தி.மு.க. 1999-இல் மு. கண்ணப்பன், ம.தி.மு.க. 2004-இல் சுப்புலட்சுமி ஜெகதீசன், தி.மு.க.

பெயர்க் குழப்பத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள். 1984-இல் கோபியில் வென்ற பி. கொழந்தைவேலு வேறு, 1977-இன் ஆர். கொழந்தைவேலு வேறு. ஈரோட்டில் எம்.ஜி.ஆர். காலத்திலிருந்து எம்.எல்.ஏ.வாகவும் அமைச்சராகவும் இருந்த சு. முத்துசாமி வேறு, 1971-இன் முத்துசாமி வேறு. இன்று திருப்பூர் எம்.பி.யாக இருக்கும் கே. சுப்பராயனுக்கும் குமாரமங்கலத்து சுப்பராயனுக்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான். இரண்டு பழனிசாமிகளைச் சொல்லவே வேண்டாம். கொங்கு நாட்டில் பெயர்ப் பஞ்சம் என்று என் தமிழாசிரியர் நண்பர் ஒருவர் கிண்டல் செய்வார்.

இப்போது வரிசையை மறுபடி பாருங்கள். 1952 முதல் 2004 வரை இடைத்தேர்தலையும் சேர்த்துப் பதினைந்து தேர்தல்கள், பதினான்கு எம்.பி.க்கள். சுப்பராயனைத் தவிர ஒருவர்கூட இரண்டாம் முறை இங்கே வெல்லவில்லை. அடுத்தது இன்னும் விசித்திரம். 1967 முதல் 2004 வரை நடந்த பதினோரு பொதுத்தேர்தல்களிலும், தமிழகத்தில் எந்தக் கூட்டணி அதிக இடங்களைப் பிடித்ததோ, அதன் வேட்பாளரே திருச்செங்கோட்டில் வென்றார். ஒருமுறைகூடத் தவறவில்லை.

"தமிழ்நாட்டில் அலைதானே, இதில் என்ன ஆச்சரியம்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1991-இலும் 1996-இலும் 2004-இலும் 39-க்கு 39 ஒரே பக்கம் போனது. அந்த ஆண்டுகளை வைத்து எந்தத் தொகுதியையும் பாராட்ட முடியாது. சோதனை என்பது பிளவுபட்ட தேர்தல்களில்தான். 1980-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தி.மு.க.வும் இந்திரா காங்கிரஸும் சேர்ந்து 37 இடங்களை அள்ளின. அ.தி.மு.க.வுக்குக் கிடைத்தவை இரண்டே: ஒன்று சிவகாசி, இன்னொன்று நம் வீட்டுக் கொல்லைப்புறத்திலிருக்கும் கோபிசெட்டிபாளையம். ஒரே மாவட்டத்துக்குள் கோபி எம்.ஜி.ஆரை விட்டுக்கொடுக்கவில்லை, ஈரோடும் மொடக்குறிச்சியும் அடங்கிய திருச்செங்கோடு காற்றோடு போயிற்று.

1999 இதைவிடத் தெளிவு. 1998-இல் அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் சேர்ந்த கூட்டணி 30 இடங்களைப் பிடித்தது. எடப்பாடியார் முதல்முறையாக டெல்லிக்குப் போனார். உங்கள் தாத்தாவின் கையில் இருந்த சிலிப் இந்தத் தேர்தலுக்கானது. பதின்மூன்று மாதத்தில் ஜெயலலிதா ஆதரவை விலக்க, வாஜ்பாய் அரசு ஒரே ஓட்டில் கவிழ்ந்தது. மறுதேர்தலில் தி.மு.க. பா.ஜ.க.வோடு சேர்ந்தது. அந்த அணிக்கு மாநிலத்தில் 26 இடங்கள். ஆனால் நம்மைச் சுற்றி? கோபி, சேலம், ராசிபுரம், கரூர், நான்கும் அ.தி.மு.க. பக்கமே நின்றன. நடுவே தீவு போல இருந்த திருச்செங்கோடு மட்டும் திரும்பியது. எடப்பாடியார் மிகக் குறைந்த வித்தியாசத்தில் கண்ணப்பனிடம் தோற்றார். கண்ணப்பன் மரபுசாரா எரிசக்தித் துறையின் அமைச்சரானார்.

ஏன் இப்படி? புத்தகத்தில் படித்ததைச் சொல்லவில்லை, பல தேர்தல்களைச் சாவடியில் உட்கார்ந்து பார்த்தவனின் கணிப்பைச் சொல்கிறேன். இந்தத் தொகுதியில் எந்த மனிதருக்கும் தொகுதி முழுக்கச் செல்வாக்கு இருக்க முடியாது. எடப்பாடியில் பெரிய ஆள் என்றால் கொடுமுடியில் "அவர் யாருங்க?" என்பார்கள். ஈரோட்டு மண்டிக்காரரைக் கபிலர்மலைக் கொடிக்கால்காரருக்குத் தெரியாது. திருச்செங்கோட்டு ரிக் முதலாளி எவ்வளவு பணக்காரராக இருந்தாலும் மொடக்குறிச்சி வாய்க்கால் பாசனக்காரருக்கு அவர் அக்கரைக்காரர். கோபி அப்படியல்ல. அங்கே ஊருக்கு ஊர் உறவும் பயிரும் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஒரு தலைவரைப் பிடித்தால் தேர்தலுக்குத் தேர்தல் விடாமல் பிடித்துக்கொள்வார்கள். இங்கே ஆளைத் தெரியாததால் சின்னத்தைப் பார்த்துப் போட்டார்கள். சின்னத்துக்கு விழும் ஓட்டு காற்று அடிக்கிற பக்கம் சாயும். கட்சிகளுக்கும் இது தெரிந்திருந்தது. ஆளால் பயனில்லை என்றால் பழைய ஆளுக்கே மறுபடி சீட்டுக் கொடுக்க வேண்டிய கட்டாயம் ஏது? மாற்றிக்கொண்டே இருந்தார்கள். வெளியூர்க்காரரான அன்பழகன் வென்றதும் இதனால்தான்.

இதற்கு எதிர்ச் சோதனை செய்து பார்த்தவர் எடப்பாடியார். 1998, 1999, 2004 என்று மூன்று முறை தொடர்ந்து நின்றார். காற்று இருந்தபோது வென்றார். இல்லாத இரண்டு முறையும் தோற்றார். அதே மனிதர் எடப்பாடி சட்டமன்றத் தொகுதியில் 2011, 2016, 2021 மூன்றிலும் வென்றார். அங்கே அவரை ஆள் பார்த்துப் போட்டார்கள். 2017-இல் முதலமைச்சரும் ஆனார். ஆக, முதலமைச்சர் நாற்காலியில் இருந்துவிட்டு இங்கே எம்.பி. ஆனவர் ஒருவர், இங்கே எம்.பி.யாக இருந்துவிட்டுப் பிறகு அந்த நாற்காலிக்குப் போனவர் ஒருவர்.

மொடக்குறிச்சியைச் சொல்லாமல் இந்தத் தொகுதியின் கதை முடியாது. 1996-இல் மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் ஒன்றாகத் தேர்தல் வந்தது. தங்கள் கோரிக்கைகளை யாரும் காதில் வாங்கவில்லை என்று கொதித்துப் போயிருந்த விவசாயிகள் கும்பல் கும்பலாகப் போய் மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதிக்கு மனுத்தாக்கல் செய்தார்கள். கடைசியில் களத்தில் நின்றவர்கள் 1,033 பேர். அப்போது வாக்குப்பதிவு இயந்திரம் கிடையாது, அச்சடித்த சீட்டுதான். ஆயிரம் பெயரை எந்தத் தாளில் அடிப்பது? தேர்தல் ஒரு மாதம் தள்ளிப்போனது. வாக்காளர் கையில் கொடுத்தது சீட்டு அல்ல, தைத்த புத்தகம். அதைப் பிரித்து, தன் சின்னம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடி, முத்திரை குத்தி, மடக்கி, பெட்டிக்குள் திணிக்க வேண்டும். வழக்கமான பெட்டி எந்த மூலைக்கு? பெரிதாகச் செய்து கொண்டுவந்தார்கள். கண் மங்கிய ஒரு பாட்டி மறைப்புக்குப் பின்னால் நின்று பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டே இருந்ததையும், வெளியே வரிசையில் நின்றவர்கள் "ஆத்தா பரீட்சை எழுதுகிறது" என்று சிரித்ததையும் அங்கே பணி பார்த்த சக ஆசிரியர் ஒருவர் பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தார்.

வென்றவர் தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன். 88 வேட்பாளர்களுக்கு ஒரு வாக்குகூட விழவில்லை. தங்கள் ஓட்டையே தங்களுக்குப் போட்டுக்கொள்ளாதவர்கள்! வெல்ல நின்றவர்கள் அல்ல அவர்கள், சீட்டைப் புத்தகமாக்க நின்றவர்கள். அன்றைக்குச் சட்டமன்றத் தேர்தலுக்கு டெபாசிட் 250 ரூபாய். ஆயிரம் பேரும் முழுத்தொகை கட்டியிருந்தாலும் மொத்தம் இரண்டரை லட்சத்துச் சொச்சம். ஒரு ஊர்க் கூட்டம் போட்டால் சேர்ந்துவிடும் பணம். அதே ஆண்டு ஆந்திரத்து நல்கொண்டா மக்களவைத் தொகுதியிலும் 480 பேர் நின்றார்கள். இரண்டையும் பார்த்த டெல்லி விழித்துக்கொண்டது. 1996-இலேயே சட்டம் திருத்தி, சட்டமன்றத்துக்கு 5,000, மக்களவைக்கு 500-லிருந்து 10,000 என்று டெபாசிட்டை ஏற்றியது. சுயேச்சைக்குப் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும் என்றும் ஆக்கியது. இன்றைக்குச் சட்டமன்ற டெபாசிட் 10,000 ரூபாய். அந்தப் போராட்டத்தை இப்போது திரும்ப நடத்த ஒரு கோடிக்கு மேல் வேண்டும். நாட்டில் எந்த மூலையில் யார் டெபாசிட் கட்டினாலும் அதில் மொடக்குறிச்சியின் கைரேகை இருக்கிறது என்று நான் சொல்வது கொஞ்சம் பெருமைதான், பொய்யில்லை.

சுப்புலட்சுமி ஜெகதீசனின் பாதையும் இந்தத் தொகுதிக்குள்ளேயே சுற்றியது. 1977-இல் அ.தி.மு.க. சார்பில் மொடக்குறிச்சியில் வென்று எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் இருந்தார். பிறகு தி.மு.க.வுக்கு வந்து 1989-இல் ஈரோட்டில் வென்று கருணாநிதி அமைச்சரவையில் இருந்தார். 2004-இல் திருச்செங்கோட்டின் எம்.பி.யாகி, மன்மோகன் சிங் அரசில் சமூகநீதித் துறையின் இணை அமைச்சரானார். அந்தத் தொகுதிக்கு அவரே கடைசி எம்.பி. 2021-இல் மறுபடி மொடக்குறிச்சிக்கு வந்தபோது 281 வாக்குகளில் பா.ஜ.க.விடம் தோற்றார்.

ஈரோட்டின் பெயர்பெற்ற குடும்பத்தையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். பெரியாரின் அண்ணன் மகன் ஈ.வெ.கி. சம்பத் 1957-இல் மக்களவைக்குப் போனது நாமக்கல் தொகுதியிலிருந்து. அவர் மகன் ஈ.வெ.கி.ச. இளங்கோவன் 2004-இல் மக்களவைக்குப் போய் ஜவுளித் துறை இணை அமைச்சரானது கோபியிலிருந்து. ஈரோட்டுக் குடும்பம், ஆனால் ஈரோடு என்ற பெயரில் போவதற்குத் தொகுதி இல்லை. 2009-இல் அந்தப் பெயர் திரும்பி வந்ததும் இளங்கோவன் ஈரோட்டிலேயே நின்றார். ம.தி.மு.க.வின் அ. கணேசமூர்த்தியிடம் 49,336 வாக்குகளில் தோற்றார். சொந்த ஊர் அவரைத் தேர்ந்தெடுக்க 2023-இன் ஈரோடு கிழக்கு இடைத்தேர்தல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது; அதுவும் மகன் இறந்த இடத்துக்கு.

திருச்செங்கோடு தொகுதி எப்படி மறைந்தது என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்து, நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம் எல்லைகளைத் திருத்தியது. தமிழகத்தின் 39 என்ற எண்ணிக்கை மாறவில்லை. உள்ளே கோடுகள் மாறின. 2008-இல் நடைமுறைக்கு வந்தது. கொங்குப் பக்கம் திருச்செங்கோடு, கோபி, ராசிபுரம், பழனி ஆகிய பெயர்கள் போயின. ஈரோடு, நாமக்கல், திருப்பூர் வந்தன. நம் தொகுதியை மூன்றாக வெட்டினார்கள். திருச்செங்கோடும் சங்ககிரியும் நாமக்கல்லுக்கு. சங்ககிரியின் தனித்தொகுதி நிலையும் நீங்கியது. கபிலர்மலை சட்டமன்றத் தொகுதியே மறைந்து பரமத்தி வேலூரோடு சேர்ந்தது. எடப்பாடி சேலத்துக்கு. ஈரோடு கிழக்கு, மேற்கு என்று இரண்டாகி, மொடக்குறிச்சியோடு சேர்ந்து ஈரோடு மக்களவைத் தொகுதிக்கு. ஆற்றைத் தாண்டும் பழக்கத்தை மட்டும் முழுதாக விடவில்லை: நாமக்கல் மாவட்டத்துக் குமாரபாளையத்தை ஈரோட்டோடு சேர்த்திருக்கிறார்கள். பவானியிலிருந்து பாலம் ஏறி இறங்கினால் குமாரபாளையம் என்பதால் இதில் எவருக்கும் குறை இருப்பதாகத் தெரியவில்லை.

பிரிந்த பிறகு எந்தத் துண்டு தாயின் குணத்தை எடுத்துக்கொண்டது என்று பார்ப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. 2009-இல் மாநிலத்தில் தி.மு.க. அணி அதிக இடங்களைப் பிடித்தபோது, ஈரோடு அ.தி.மு.க. அணியில் இருந்த கணேசமூர்த்தியைத் தேர்ந்தெடுத்தது, சேலம் அ.தி.மு.க.வின் செம்மலையைத் தேர்ந்தெடுத்தது. இரண்டும் முதல் தேர்தலிலேயே காற்றுக்கு எதிரே நின்றுவிட்டன. கணேசமூர்த்தி 2019-இல் உதயசூரியன் சின்னத்தில் மறுபடி வென்றார். பழைய தொகுதியில் சுப்பராயனுக்குப் பிறகு எவராலும் முடியாத இரண்டாம் வெற்றி, பிரிந்த பத்தே ஆண்டில் ஈரோட்டில் நடந்துவிட்டது.

நாமக்கல் அப்படியில்லை. 2009-இல் தி.மு.க.வின் காந்திசெல்வன், 2014-இல் அ.தி.மு.க.வின் பி.ஆர். சுந்தரம், 2019-இல் கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சியின் ஏ.கே.பி. சின்ராஜ், 2024-இல் அதே கட்சியின் மாதேஸ்வரன். நான்கு தேர்தல், நான்கு பேர், நான்கு முறையும் மாநிலத்தில் வென்ற அணி. 2024-இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள்: முதலில் அறிவித்த வேட்பாளரையே நடுவில் மாற்றினார்கள், மாற்றி வந்தவரும் வென்றார்.

உங்கள் தாத்தாவின் சிலிப்பைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். அதைக் கொடுத்தது எந்தக் கட்சிக்காரர்கள் என்று மேலே உள்ள சின்னத்தைப் பார்த்தால் தெரியும். இரட்டை இலை இருந்தால், கீழே இருக்கிற வேட்பாளர் பெயரையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.